நெய்தலுக்கு வருணன், கிரேக்கர்களுக்கு யார்?

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. இடம், எங்கள் திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டு ஓரமாக இருக்கும் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். அன்றைக்கு அங்கே நடந்தது கல்யாணம் இல்லை, குவிஸ் போட்டி. 

முதலில் என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அந்தப் பகுதியில் வெளிநாட்டுக்காரர்கள் அறை எடுத்துத் தங்குவார்கள், பாஸ்போர்ட் நகலெடுக்க இவர் கடைக்கு வருவார்கள். அப்படி ஒரு நாள் கிரேக்க நாட்டு அம்மா ஒருவர் வந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. காத்திருந்த நேரத்தில் அந்த அம்மா தங்கள் ஊர் சாமிகளின் கதையைச் சொல்ல, இவர் நம்முடைய கதைகளைச் சொல்ல, கரண்ட் வந்த பிறகும் இரண்டு பேரும் நிறுத்தவில்லை. அன்று இரவு சாப்பிடும்போது, "அவங்க சாமிங்களும் நம்ம சாமிங்க மாதிரியேதான் தெரியுமா, சும்மா சும்மா கோவம் வந்துடுது" என்று ஆரம்பித்தவர்தான். அப்புறம் எனக்கு நிம்மதியான சாப்பாடு கிடையாது.

ஏற்கெனவே அவருக்குச் சங்க இலக்கியப் பைத்தியம், சரித்திரப் பைத்தியம் இரண்டும் உண்டு. கிரேக்கமும் சேர்ந்துகொண்டதும் மாதம் ஒரு ஞாயிறு குவிஸ் நடத்த ஆரம்பித்துவிட்டார். குரூப் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், பேங்க் கிளார்க்குகள், கல்லூரி வாத்தியார்கள், ரிட்டயர் ஆனவர்கள் என்று ஒரு முப்பது நாற்பது பேர் வருவார்கள். பரிசு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதற்கு அவர்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்தால் பானிபட் போரே தேவலை என்று இருக்கும்.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். பொது அறிவில் எனக்கு ஆர்வம் கம்மி. யார் எந்தப் போரில் ஜெயித்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப் போகிறேன் என்று நினைக்கிற ஆள். ஆனாலும் கூட்டல் ஒழுங்காக வரும் என்பதால், மேடை ஓரத்தில் போர்டில் மார்க் போடும் வேலை என்னுடையது. கேள்வி பதில் எதையும் காதில் வாங்க மாட்டேன். அவர் "பத்து" என்றால் பத்து போடுவேன், "இல்லை" என்றால் மறுநாள் சட்னிக்கு என்ன என்று யோசிப்பேன்.

அவருக்கு ஜோடிக் கேள்வி என்றால் உயிர். நம் பக்கம் ஒன்று, அவர்கள் பக்கம் ஒன்று. அதில் எப்போதும் ஒரு கொக்கி வைப்பார். சுலபமான கேள்வி மாதிரி இருக்கும். பதில் சொன்னவுடன், "தப்பு" என்று சொல்லிவிட்டு ஒரு ஓரச் சிரிப்பு சிரிப்பார். அப்புறம்தான் கேள்விக்குள் அவர் ஒளித்து வைத்திருந்த ஒரு சொல்லை எடுத்துக் காட்டுவார். அந்தச் சிரிப்புக்காகவே அவர்மேல் பாதிப் பேருக்குப் பிரியம், மீதிப் பேருக்கு எரிச்சல்.

எரிச்சல்பட்டவர்களில் முதல் ஆள் கீழ்பென்னாத்தூரிலிருந்து வருகிற ஒருவர். சரித்திரத்தில் எம்.ஏ. படித்துவிட்டு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்கிறவர். நாற்பது வயசு இருக்கும், குரல் மட்டும் மார்க்கெட்டில் ஏலம் விடுகிற குரல். என் கணவர் எந்தத் தீர்ப்புச் சொன்னாலும் எழுந்து நின்று, "அப்பீல்!" என்பார். "நீங்க கேட்ட வார்த்தை வேற சார், இப்ப சொல்ற வார்த்தை வேற" என்று சண்டைக்கு வருவார். டீ குடிக்கும் நேரத்தில்கூட விடமாட்டார், டம்ளரும் கையுமாகத் துரத்திக்கொண்டு போவார். வீட்டில் நான் அவருக்கு வைத்த பெயர் அப்பீல்காரர். "அந்த ஆளை வரவேணாம்னு சொல்லிடுங்களேன்" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "அவரு ஒருத்தர்தான் நான் பேசறதை முழுசா கேக்கறாரு" என்பார் இவர். அப்போது எனக்கு அது வேண்டாத வீம்பாகத்தான் பட்டது.

அன்றைக்குக் காலையிலிருந்தே எனக்கு மனசு சரியில்லை. காரணம் பௌர்ணமி. காலண்டரில் திங்கட்கிழமைதான் பௌர்ணமி என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஞாயிறு காலையே திதி பிறந்துவிடுகிறது என்று கீழே பொடி எழுத்தில் இருந்ததை இவர் பார்க்கவில்லை. உலகத்துச் சரித்திரமெல்லாம் தெரியும், சொந்த ஊர் பௌர்ணமி தெரியாது. நாங்கள் மண்டபத்துக்குள் நுழையும்போதே கிரிவலக் கூட்டம் ஆரம்பித்திருந்தது. மதியத்துக்குள் ரோட்டை அடைத்துத் தடுப்புக் கட்டை போட்டு, வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தலைகள்தான். ஊருக்குள்ளிருந்து கிளம்பி, மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, எல்லாரும் மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியது கிழக்கே. எப்படி வீடு போய்ச் சேரப்போகிறோம் என்பதுதான் அப்போது எனக்கிருந்த பெரிய கவலை. எவ்வளவு சின்னக் கவலை அது!

காலையில் இந்திய வரலாற்றுச் சுற்று முடிந்தது. சாப்பாடு, கொஞ்சம் ஓய்வு, அப்புறம் டீ. டீ நேரத்தில் இவர் கையிலிருந்த டம்ளர் நழுவி சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டார். வெள்ளைச் சட்டை. நான் முணுமுணுத்துக்கொண்டே துடைத்துவிட்டேன். அடுத்து இலக்கியச் சுற்று. அதுவும் முடிந்து கிரேக்கச் சுற்று தொடங்கியது.

முதல் இரண்டு கேள்விகள் போயின. மூன்றாவது கேள்வி அப்பீல்காரருக்கு வந்தது. "நெய்தல் நிலத்துக்குத் தெய்வம் வருணன். கிரேக்கர்களுக்கு அந்த வேலையைப் பாத்தவர் யார்?" என்று கேட்டார் இவர்.

அப்பீல்காரர் யோசிக்கவே இல்லை. "பொசைடன்" என்றார்.

இவர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு, "தப்பு. ஸியஸ்" என்றார். சொல்லிவிட்டு அந்த ஓரச் சிரிப்பைச் சிரித்தார்.

மண்டபம் கலகலத்துவிட்டது. எனக்கு வழக்கம்போல ஒன்றும் புரியவில்லை. பிறகு தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பொசைடன் கிரேக்கர்களின் கடல் கடவுள். ஸியஸ் வானத்துக்கும் இடிக்கும் தலைவர். நெய்தல் என்றால் கடலும் கடல் சார்ந்த இடமும். ஆகவே பொசைடன்தான் சரியான விடை, சந்தேகமே இல்லை. ஆனால் கேட்டவர் யார்? கொக்கி வைப்பதில் பேர்போனவர். அதனால் அவர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. கொக்கி எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டார்கள். கல்லூரி வாத்தியார் ஒருவர் எழுந்து, "வேதத்துல வருணன் ஆகாயத்துக்கும் தெய்வம். அதைத்தான் சார் கேக்கறாரு" என்று விளக்கம் கொடுத்தார். பாதிக் கூட்டம் ஆகா என்றது. மீதிக் கூட்டம் போனை எடுத்துத் தேடியது. "நெய்தல்னு சொல்லிட்டாரே, அப்புறம் இன்னா ஆகாயம்?" என்று ஒரு பக்கம். "மழைக்கும் வருணன்தானே, இடி மழைக்கு ஸியஸ் சரிதான்" என்று இன்னொரு பக்கம்.

பத்து நிமிடமாவது இருக்கும். மேடையில் என் கணவர் மைக்கைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். மைக் வலது கையிலிருந்து இடது கைக்கு மாறியிருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாரையும் பார்த்து அதே ஓரச் சிரிப்பு. இவரால்தானே வீட்டுக்குப் போக நேரமாகிறது என்று எனக்குக் கோபம்தான் வந்தது. போர்டுக்குப் பக்கத்திலிருந்தே, "ஏங்க, கொக்கி என்னன்னு சொல்லி முடிங்களேன்" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"அப்பீல்!" என்று கத்திக்கொண்டு அப்பீல்காரர் மேடை ஏறினார். கையில் போன், முகமெல்லாம் சிவந்திருந்தது. "இதப் பாருங்க சார், தெளிவா போட்டிருக்குது" என்று இவர் மூஞ்சிக்கு நேராகப் போனை நீட்டினார். நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். போனைப் பையில் போட்டார். "சார், ரெண்டு கையையும் தூக்குங்க" என்றார்.

ஒரு கைதான் மேலே வந்தது.

"சார், உங்க பேர் சொல்லுங்க."

என் கணவர் வாயைத் திறந்தார். என்னவோ சத்தம் வந்தது, பேர் வரவில்லை. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அது ஓரச் சிரிப்பு இல்லை. வாயே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. வருஷக்கணக்காக அந்த முகத்தைப் பார்த்தவள் நான், பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு எனக்குத் தெரியவில்லை. கையிலிருந்த சாக்பீஸ் எங்கே விழுந்தது என்று நினைவில்லை.

"அக்கா, இது பக்கவாதம். எங்கப்பாவுக்கு இப்பிடித்தான் வந்துச்சு. நாங்க விடிஞ்சதும் பாத்துக்கலாம்னு படுக்க வெச்சுட்டோம்" என்றார் அப்பீல்காரர். சொல்லிக்கொண்டே இவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். 

நூற்றெட்டுக்குப் போன் போட்டார்கள். ஆம்புலன்ஸ் ஊருக்குள் தயாராக இருக்கிறது, ஆனால் தடுப்பைத் தாண்டி இவ்வளவு தூரம் கூட்டத்துக்குள் வர நேரமாகும், முடிந்தால் தடுப்பு வரைக்கும் கொண்டுவந்துவிடுங்கள் என்றார்கள். வெளியே ஆட்டோ கிடையாது. ஒரே ஒரு வண்டி இருந்தது. ரோடு அடைப்பதற்கு முன்பே வந்து மண்டப வளாகத்துக்குள் நிறுத்தியிருந்த அப்பீல்காரரின் குட்டியானை, அதுதான் அந்தச் சின்ன லோடு வண்டி. பின்னால் காலிச் சாக்குகள் கிடந்தன. அதன்மேல் மண்டபத்து ஜமக்காளத்தை விரித்து இவரைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். மல்லாட்டை வாசனை வந்தால் இன்றும் எனக்கு அந்த வண்டிதான் ஞாபகம் வருகிறது.

வண்டி கேட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டது. எதிரே ஜனக்கடல். நீங்கள் கிரிவலம் போயிருந்தால் தெரியும். அந்தக் கூட்டத்துக்கு ஒரே திசைதான். எதிர்த்திசையில் யாரும் வருவதில்லை. வரக்கூடாது என்றே எங்களுக்கெல்லாம் சின்ன வயதிலிருந்து மனசில் பதிந்திருக்கிறது. கடையில் ஏதாவது மறந்து வைத்துவிட்டால்கூட, திரும்பி நடக்க யோசித்து, ஓரமாக நின்று ஆளனுப்பி வாங்குகிறவர்கள் நாங்கள். அந்தக் கூட்டத்துக்குள் எதிர்த்தாற்போல் ஒரு லோடு வண்டி. சிலர் முறைத்தார்கள். ஒரு பெரியவர், "பௌர்ணமி அன்னிக்கு எதிர்ல வண்டி ஓட்டறியே, அறிவில்ல?" என்று பானெட்டைத் தட்டினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உள்ளே படுத்திருப்பவர் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

அப்போது நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் முன்புவரை ஸியஸா பொசைடனா என்று மல்லுக்கு நின்ற அத்தனை பேரும் வண்டிக்கு முன்னால் வந்து கை கோத்துக்கொண்டார்கள். வேத விளக்கம் கொடுத்த வாத்தியார், போனில் தேடிய பேங்க் கிளார்க், தேர்வுக்குப் படிக்கிற பெண்கள், எல்லாரும். "ஆஸ்பத்திரி கேஸு, வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்திக்கொண்டே நடக்க ஆரம்பித்தார்கள். வண்டி அவர்களுக்குப் பின்னால் ஊர்ந்தது.

அவ்வளவு மெதுவாக ஒரு வண்டி போய் நான் பார்த்ததில்லை. எனக்கு இறங்கி அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது. வாயோரம் எச்சில் வழிந்தது, துடைத்துக்கொண்டே இருந்தேன். கண் சொருகுகிற மாதிரி இருக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. ஓட்டிக்கொண்டிருந்த அப்பீல்காரர் பின் ஜன்னல் வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "சார், தஞ்சாவூர் பெரிய கோயில் யார் கட்டினது? சொல்லுங்க சார், தூங்காதீங்க" என்பார். பதில் வராது. "நம்ம ஊரு ராஜகோபுரம் யாரு சார்? போன மாசம் நீங்கதானே கேட்டீங்க" என்பார். என் கணவர் உதட்டை அசைப்பார், தெரிந்த பதில் வெளியே வராமல் கண்ணில் தண்ணீர் வரும். முதல் கேள்விக்காவது "ரா" என்று ஒரு எழுத்து வந்தது. இரண்டாவதற்கு அதுவும் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் அவர் இன்னும் கொஞ்சம் தூரம் போய்விடுகிற மாதிரி எனக்கு இருந்தது.

இவர் எனக்கு ஒரு கிரேக்கக் கதை சொல்லியிருக்கிறார். செத்துப்போன பெண்டாட்டியைப் பாதாளத்திலிருந்து மீட்டுக் கூட்டி வருகிறான் ஒரு பாட்டுக்காரன். வெளிச்சத்துக்கு வரும்வரை அவன் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது நிபந்தனை. கடைசி நேரத்தில் பார்த்துவிடுகிறான், அவள் போய்விடுகிறாள். சொன்னபோது, இதென்ன அசட்டுத்தனம், கொஞ்ச நேரம் பொறுக்க முடியாதா என்று கேட்டவள் நான். அன்றைக்கு அந்தக் கதை எங்கிருந்துதான் வந்து மனசில் உட்கார்ந்ததோ, "திரும்பிப் பாக்காம ஓட்டுங்க, உங்களுக்குப் புண்ணியமா போவும்" என்று அலறிவிட்டேன். அப்பீல்காரர் அதற்கப்புறம் திரும்பவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் ஒன்று கவனித்தேன். எங்கள் ஆட்கள் போய்ச் சேருவதற்கு முன்பே கூட்டம் விலகியிருந்தது. முன்னால் போகிறவர்கள் பின்னால் வருகிறவர்களுக்கு வாய் வழியாகச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. அண்ணாமலையாருக்கு அரோகரா என்ற சத்தத்தோடு, வழி விடு, வழி விடு என்பதும் எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாத பெண்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "ஒண்ணும் ஆவாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தி கையிலிருந்த திருநீற்றை இவர் நெற்றியில் பூசிவிட்டாள்.

ரோடு திரும்பும் இடத்தில் கோபுரம் தெரிந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோபுரம் கண்ணில் பட்டால் கை தானாகக் குவிந்துவிடும், யோசிப்பதே இல்லை. இவரும் கும்பிடப் போனார். இடது கை நெஞ்சுக்கு வந்தது. வலது கை வரவில்லை. வந்த கை கொஞ்ச நேரம் வராத கைக்காகக் காத்திருந்தது. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. என் வலது கையை எடுத்து அவருடைய இடது கையோடு சேர்த்து வைத்தேன். அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. அப்பீல்காரரும் எங்களோடு ஏறிக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனதும் தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். டாக்டர் பெண், சின்ன வயதுதான், என்னை நேராகப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார். "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?"

அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கிறதாம். ஆனால் ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். தாண்டிவிட்டால் போட முடியாது. மூளையில் ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நேரத்துக்குள் போட்டாலும் கொஞ்சம் ஆபத்து உண்டு. அதனால் எப்போது ஆரம்பித்தது என்பதை ஊகமாகச் சொல்லாதீர்கள், தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள் என்றார்.

எனக்கு என்ன தெரியும்? நாள் முழுக்கப் பக்கத்திலேயே நின்றேன், ஒரு வார்த்தை காதில் வாங்கவில்லை. சட்டென்று டீ டம்ளர் ஞாபகம் வந்தது. "சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்து எழுந்தாரு. அப்புறம் டீ குடிக்கும்போது டம்ளர் கை நழுவிடுச்சு டாக்டர்" என்றேன். டாக்டர் முகம் மாறியது. அப்படியென்றால் அதற்கும் முன்பே, சாப்பிட்டுப் படுத்திருந்தபோதே தொடங்கியிருக்கலாமே, நேரத்தைக் கணக்கிட முடியாதே என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். கணக்கு டீச்சரான எனக்கு அந்தக் கணக்கு உடனே புரிந்துவிட்டது.  நானே என் வாயால் கதவைச் சாத்திவிட்டேனோ என்று இருந்தது.

"அது நான் இடிச்சதுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அப்பீல்காரர். சட்டையெல்லாம் வியர்வை. "காலையில ஒரு கேள்வி விட்டுப்போச்சுன்னு டீ குடிக்கும்போது சண்டை போட்டுக்கினு இருந்தேன். கையை ஆட்டிப் பேசும்போது என் முழங்கைதான் டம்ளர்ல பட்டுச்சு. அப்பறமும் அவரு நல்லாத்தான் இருந்தாரு. வலது கையாலதான் கேள்வி எழுதின கார்டு எடுத்தாரு. இலக்கியம் முழுசும் கேட்டாரு. குறிஞ்சி, முல்லை, மருதம்னு வரிசையா சொன்னாரு, நாக்கு ஒரு இடத்துல குளறல. கிரேக்கத்துல மொத ரெண்டு கேள்வியும் சரி. மூணாவதுலதான் தடுமாறினாரு."

"எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்கயாச்சும் ஒரு தப்பு கிடைக்காதான்னு ஒவ்வொரு வார்த்தையா காத்துக்கினு இருந்தேம்மா" என்றார் அவர். "கிடைக்கல."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் இருந்தது. என்னிடம் சம்மதம் கேட்டார்கள். கையெழுத்துப் போடும்போது என் பெயரே எனக்கு மறந்துபோன மாதிரி இருந்தது. ஊசி ஏறியது. அதற்குப் பிறகு வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்குத் தைரியமில்லை. அப்பீல்காரர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.  விடிந்ததும் நர்ஸ் வந்து, வலது கை விரல் அசைகிறது என்று சொன்னபோது துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

உயிர் தப்பியது. நடக்கவும் ஆரம்பித்துவிட்டார். ஆனால் பேச்சு மட்டும் வரவில்லை. சொல்ல நினைப்பது ஒன்று, வருவது ஒன்று. தண்ணீர் கேட்க நினைத்து சாவி என்பார். தப்பு என்று அவருக்கே தெரியும், தலையில் அடித்துக்கொள்வார். பேச்சுப் பயிற்சிக்குத் தினமும் கேள்வி கேளுங்கள் என்றார்கள். நான் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இனிமேல் இவர் இப்படியேதானோ, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடாமலே போய்விடுவாரோ என்று நான் பயந்த நாட்கள் அவை.

வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை அப்பீல்காரர் வந்துவிடுவார். எதிரில் நாற்காலி போட்டுக்கொண்டு குவிஸ் நடத்துவார். ஆனால் ஆளே மாறிப்போயிருந்தார். இவர் என்ன உளறினாலும், "கரெக்ட் சார்! பத்து மார்க்!" என்பார். முகலாயப் பேரரசர் ஒருவரைக் கேட்டால் இவர் பூசணிக்காய் என்பார். அதற்கும் பத்து மார்க். எத்தனையோ மாதம் எல்லாவற்றுக்கும் சண்டை போட்ட மனுஷன், எதற்குமே அப்பீல் இல்லை. அதைப் பார்க்கத்தான் எனக்கு ஜாஸ்தி பயமாக இருந்தது. அவரே கைவிட்டுவிட்டாரோ என்று நினைத்தேன்.

சித்திரை மாதம் ஒரு ஞாயிறு. வழக்கம்போல உட்கார்ந்திருந்தார்கள். "நெய்தலுக்கு வருணன் சார். கிரேக்கர்களுக்கு யாரு?" என்று கேட்டார் அப்பீல்காரர். அந்தக் கேள்வியை அதுவரை அவர் தொட்டதில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு வாசல்படியில் வந்து நின்றேன்.

இவர் ரொம்ப நேரம் யோசித்தார். "ஸி...யஸ்" என்றார்.

"கரெக்ட் சார்! பத்து மார்க்!"

இவர் முகம் கறுத்துவிட்டது. இடது கையால் நாற்காலிக் கையை ஓங்கி அடித்தார். "தப்பு!" என்றார். மேடையில் சொல்கிற அதே தப்பு, சுத்தமாக வந்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, ஒவ்வொரு எழுத்தாக இழுத்து வந்தார். "பொ... சை... டன்." மூச்சு வாங்கினார். பிறகு அப்பீல்காரரைப் பார்த்து விரலை நீட்டினார். "உங்க... அப்பீல்... செல்லும்."

அந்த மார்க்கெட்டுக் குரல்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து போய் இவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே ஓடி, காலண்டரில் அன்றைய தேதிக்குப் பக்கத்தில் பத்து என்று போட்டேன்.

இப்போது குவிஸ் மறுபடியும் நடக்கிறது. இவர் மெதுவாகத்தான் பேசுவார், எல்லாரும் பொறுமையாகக் கேட்கிறார்கள். அப்பீல்காரர் பழையபடி கத்துகிறார். நானும் இப்போது ஒவ்வொரு கேள்வியையும் காதில் வாங்குகிறேன், சட்னியைப் பற்றி யோசிப்பதில்லை. யாராவது நான் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நின்றால் முன்பு போல எனக்கு எரிச்சல் வருவதில்லை. நான் பேசுவதை இவ்வளவு முழுசாகக் கேட்க ஒரு ஆள் இருக்கிறாரே என்று மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.